தட்டு அடுக்கும் தொங்கும் லைட்: பாரத்தை எங்கே இறக்குவது?

கோலாலம்பூர் செந்தூலில் 700 சதுர அடி அடுக்குமாடி வீடு. சமையலறை அலமாரியில் இடம் போதவில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும், இரண்டு அடுக்குப் பலகையோடு வரும் லைட் ஒன்றை இணையக் கடையில் பார்த்திருக்கிறீர்கள். தட்டு, கோப்பை, மசாலா போத்தல் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறது விளம்பரம். இப்போது பல்பு தொங்கும் லைட் பாயிண்டிலேயே அதை மாட்டிவிடலாமா என்று, மேசை இருக்கும் இடத்தின் படத்தையும் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி லைட்டைப் பற்றியதுபோல் தோன்றினாலும் அடியில் இருப்பது வேறு: தலைக்கு மேலே இருபது கிலோவைத் தொங்கவிட்டு, அதன் கீழே பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போடலாமா என்பதுதான். போடலாம். ஆனால் லைட் பாயிண்டில் மாட்டி அல்ல.

இந்த மாதிரி எந்தப் பொருளுக்கும் முதலில் பார்க்கவேண்டியது ஒன்றுதான். பாரம் போகும் வழியும் கரண்டு போகும் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். பலகை தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தில் தொங்க வேண்டும். லைட் அந்தப் பலகையில் தொங்க வேண்டும். லைட்டின் வயரிலோ, அந்த வயர் தளத்திலிருந்து இறங்கும் வட்ட மூடியான சீலிங் ரோஸிலோ பலகை தொங்கினால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பு. வயரைப் பிடித்துத் தொங்கும் விளக்குகளுக்கு மின்பொறியியலில் திட்டமான வரம்பு உண்டு: 0.5 சதுர மி.மீ. வயர் 2 கிலோ, 0.75 என்றால் 3 கிலோ, 1 சதுர மி.மீ. என்றால் 5 கிலோ. அதற்கு மேல் வயரைத் தடித்தாலும் 5 கிலோவுக்கு மேல் வயரில் தொங்கவிடக்கூடாது. சீலிங் ரோஸைப் பிடித்திருப்பதோ பெரும்பாலும் இரண்டு சின்னத் திருகாணியும் பிளாஸ்டிக் பிளக்கும்தான். ஒரு பல்பும் ஒரு துணிக்கூடும் தொங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய இரண்டரை கிலோ. இரண்டு அடுக்கென்றால் ஐந்து. இரும்புச் சட்டமும் லைட்டும் சேர்ந்து இன்னொரு நான்கு கிலோ. ஆக, ஒன்றும் வைக்காமலேயே ஒன்பது கிலோ. பீங்கான் சோற்றுத் தட்டு ஒன்று ஏறத்தாழ 600 கிராம். எட்டுத் தட்டு ஐந்து கிலோவை நெருங்கும். பிடி வைத்த கோப்பை எட்டு, இரண்டரை கிலோ. அரை கிலோ மசாலா போத்தல் ஆறு, மூன்று கிலோ. மொத்தம் இருபதைத் தொடுகிறது. தட்டுகள் எவர்சில்வர் என்றால் எடை பாதியாகக் குறையும். ஆனால் இடம் இருக்கும்வரை வீட்டில் யாராவது எதையாவது ஏற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். இதற்கு எந்தப் பொறியாளரிடமும் மருந்து கிடையாது. ஐந்து கிலோ எண்ணெய் டின்னை ஒருநாள் தூக்கி மேலே வைப்பார்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

விளக்குகளுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஇசி 60598, தொங்கும் விளக்கில் அதன் சொந்த எடையைப்போல நான்கு மடங்கைக் கூடுதலாக ஏற்றி ஒரு மணி நேரம் விடச் சொல்கிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோதிப்பது விளக்கின் எடையை வைத்து. நீங்கள் அதன்மேல் அடுக்கும் தட்டுகளின் எடை அந்தக் கணக்கில் வராது. ஆகவே “தரச் சோதனையில் தேறியது” என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பலகையில் எத்தனை கிலோ வைக்கலாம் என்று தயாரிப்பாளர் தனியாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் அது அலங்காரப் பலகை. இரண்டு பூச்சாடி வைக்கலாம், தட்டு அடுக்க முடியாது. உங்கள் வீட்டு ஏற்பாட்டுக்கும் அதே நான்கு மடங்கை அளவாக எடுத்துக்கொள்வது நல்லது: 20 கிலோ தொங்கப்போகிறது என்றால் 80 கிலோவுக்குப் பிடிப்புப் போடுங்கள். நான்கு இடத்தில் தொங்கினால் ஒவ்வொன்றுக்கும் 20 கிலோ. கையை ஊன்றி எழுகிறவர், பந்தடிக்கும் பையன் எல்லாரையும் இந்தக் கணக்குத் தாங்கும்.

அடுத்து, மேலே இருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இரண்டு விதம்தான் அதிகம்: வெறும் கான்கிரீட் தளத்துக்குப் பெயிண்ட் அடித்தது, அல்லது அதன் கீழே இறக்கிக் கட்டிய பிளாஸ்டர் சீலிங். விரல் முட்டியால் தட்டினால் தெரிந்துவிடும். கான்கிரீட் செத்த சத்தம் கொடுக்கும், பிளாஸ்டர் டொம்மென்று ஒலிக்கும். பிளாஸ்டர் சீலிங் என்பது 9 மி.மீ. தடிமனுள்ள ஜிப்சம் பலகை, மெல்லிய தகரச் சட்டத்தில் அறைந்தது. அந்தச் சட்டமே தளத்திலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் பட்டாம்பூச்சி போல் விரியும் ஆங்கரைப் போட்டு இரண்டு மூன்று கிலோ மாட்டலாம். தட்டுப் பலகை மாட்டக்கூடாது. பிளாஸ்டரில் துளை மட்டும் போட்டு, அதன் வழியாக நீளமான திரெட் ராடை (முழு நீளமும் மறை வெட்டிய கம்பி) விட்டு, மேலே கான்கிரீட்டில்தான் பிடிக்க வேண்டும். வேலை கூடும், ஆனால் வேறு வழி கிடையாது.

கான்கிரீட்டில் பிடிப்பதற்கு எம்8 அளவு டிராப்-இன் ஆங்கர் பொருத்தமானது; துளைக்குள் விரிந்து பிடித்துக்கொண்டு, 8 மி.மீ. ராடை ஏற்கும் உலோகக் குழல் அது. அதற்கு 10 மி.மீ. பிட், 30 மி.மீ. ஆழம். ஹேமர் டிரில் வேண்டும். சாதாரண டிரில்லைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கான்கிரீட்டோடு மல்லுக்கட்டினால் துளை கோணலாகி அகன்றுவிடும். பிட்டில் 30 மி.மீ. இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளைத்தபின் உள்ளே இருக்கும் தூளைப் பிரஷ் விட்டு எடுத்து ஊதி வெளியேற்ற வேண்டும். ஆங்கர் பிடிக்காமல் சுழல்வதற்குப் பாதிக் காரணம் இந்தத் தூள்தான். ஆங்கரைத் தளத்தோடு சமமாக உள்ளே தள்ளி, அதற்கென்று விற்கும் அடிகம்பியை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். கம்பியின் தோள்பட்டை ஆங்கரின் விளிம்பைத் தொடும்வரை அடிக்க வேண்டும். ஆணியை வைத்து அடித்தால் உள்ளே ஆப்பு முழுதாக விரியாது, பார்ப்பதற்கு மட்டும் இறுகியதுபோல் இருக்கும். நல்ல கான்கிரீட்டில் ஒழுங்காகப் பதிந்த ஒரு எம்8 ஆங்கர் 100 கிலோவுக்கு மேல் தாங்கும். நமக்கு வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் ரால் பிளக்கைத் தளத்தில் போட்டு நேர்கீழாகத் தொங்கவிடாதீர்கள். சுவரில் அதன்மேல் வரும் பாரம் குறுக்காக இறங்கும், அதனால் நிற்கும். தளத்தில் இரவும் பகலும் நேராக இழுபட்டுக்கொண்டே இருந்தால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வழுவும்.

துளைக்குமுன் இரண்டு அபாயங்களைப் பார்க்க வேண்டும். நம் ஊர் அடுக்குமாடிகளில் லைட் வயர் போகும் குழாய் பெரும்பாலும் தளத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். அது எந்தப் பக்கமிருந்து லைட் பாயிண்டுக்கு வருகிறது என்று வெளியே தெரியாது. நீங்கள் துளைக்கப்போவதோ சரியாக அந்தப் பாயிண்டைச் சுற்றித்தான். வயர் கண்டுபிடிக்கும் கருவியை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். பாயிண்டிலிருந்து ஓரடியாவது தள்ளித் துளையுங்கள், 30 மி.மீ. ஆழத்தைத் தாண்டாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லில் வேலை செய்யுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் மோதினால் அதை அறுக்கப் பார்க்காமல் ஆறு செ.மீ. தள்ளி வேறு துளை போடுங்கள். இரண்டாவது அபாயம் புதிய கொண்டோக்களில் வருவது: சில கட்டடங்களில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கும். அதைத் துளைத்தால் லைட் பிரச்சினை கட்டடப் பிரச்சினையாகிவிடும். உங்கள் தளம் எந்த வகை என்று நீங்கள் போட்டிருக்கும் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, மேலாண்மை அலுவலகத்தில் கேட்டால் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். எப்படியும் ரெனொவேஷன் அனுமதிக்கு அங்கே போகத்தான் வேண்டும். வாடகை வீடென்றால் அதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், முன்பணத்தைத் திருப்பி வாங்கும் நாளில் அது உதவும்.

இதைப் படிக்கும் தாமான் (தரைவீட்டுக் குடியிருப்பு) வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியறையின் சீலிங்குக்கு மேலே கான்கிரீட் இருக்காது, கூரைச் சட்டம்தான் இருக்கும். அங்கே இரண்டு சட்டத்துக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு அதிலிருந்து தொங்கவிடுவதே வழி. பழைய வீடுகளில் சீலிங் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுப் பலகையாக இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்தரங்கள் வெளியே தெரியும். தொங்கவிட அதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் கரையான் தின்ற உத்தரம் வெளியே முழுதாகத்தான் தெரியும், திருப்புளியால் குத்திப் பார்த்தால்தான் உள்ளே பொக்கை தெரியவரும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் இருக்கும் கட்டடமென்றால் மாற்றம் செய்யுமுன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

தொங்கவிடச் சங்கிலி, எஃகு வடம், திரெட் ராட் மூன்றும் கடையில் கிடைக்கும். சங்கிலியும் வடமும் மலிவு, உயரத்தை மாற்றவும் சுலபம். ஆனால் பலகை ஊஞ்சலாடும். ஒரு கோப்பையை எடுக்கும்போது மற்ற ஏழும் கலகலக்கும். சாமான் வைக்கும் பலகைக்கு 8 மி.மீ. திரெட் ராடை மெல்லிய குழாய்க்குள் விட்டு நான்கு மூலையிலும் பிடிப்பதுதான் என் தேர்வு. ஒவ்வொரு முனையிலும் வாஷர், நட், அதன்மேல் இன்னொரு நட் அல்லது நைலான் நட் போடுங்கள். ஒற்றை நட் அதிர்வில் தானாகக் கழலும். பலகையின் நான்கு பக்கமும் மூன்று நான்கு செ.மீ. உயரத்துக்கு வரம்பு வேண்டும். விளம்பரப் படங்களில் பெரும்பாலும் இந்த வரம்பு இருக்காது, ஏனென்றால் படத்தில் யாரும் அவசரமாகத் தட்டு எடுப்பதில்லை.

உயரம் அடுத்த சிக்கல். மேசை 75 செ.மீ. உயரமிருக்கும். பலகையின் அடிப்பக்கம் மேசையிலிருந்து 75 முதல் 80 செ.மீ. மேலே, அதாவது தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மறைக்காது, பல்பு கண்ணில் அடிக்காது, மேல் அடுக்கும் கைக்கு எட்டும். பலகை மேசையைவிட ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ.க்குக் குறையாமல் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். மேசைதான் ஆட்களின் தலையைப் பலகையிடமிருந்து விலக்கி வைக்கும் வேலி. அதனால் வரும் வினை விருந்தினர் வந்து குவியும் தீபாவளித் திறந்த இல்லத்தன்று தெரியும். ஆள் உட்கார இடம் வேண்டுமென்று மேசையைச் சுவரோரமாக நகர்த்துவார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரும்பு மூலைகளோடு ஒரு பலகை நடு ஹாலில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மேசையை அடிக்கடி நகர்த்தும் வீடென்றால் தொங்கும் பலகையே வேண்டாம்.

மின்விசிறியை மறந்துவிடாதீர்கள். 60 அங்குல விசிறியின் இறக்கை மையத்திலிருந்து 76 செ.மீ. வரை வீசும், அதன் நுனிக்கும் உங்கள் ராடுக்கும் நடுவே குறைந்தது 30 செ.மீ. விடுங்கள். பல்பு இறக்கையைவிட உயரத்தில் இருந்தால் மேசையெல்லாம் நிழல் வெட்டி வெட்டி அடிக்கும், சாப்பிடுகிறவருக்குத் தலைவலிதான் மிச்சம். அதோடு, விசிறிக் காற்று அறைத் தூசி முழுவதையும் அந்தத் தட்டுகளில்தான் கொண்டுவந்து இறக்கும். தட்டுகளைக் கவிழ்த்தே வையுங்கள்.

இனிக் கரண்டு. பலகைக்குள் லைட் பதிக்க 24 வோல்ட் எல்இடி பட்டைதான் பாதுகாப்பும் வசதியும். ஈரக் கையோடு கோப்பை எடுக்கும் இடத்தில் 230 வோல்ட் வேண்டாம். ஒரு மீட்டருக்கு 10 வாட் பட்டை மேசைக்குப் போதும். அதற்கு 15 வாட் டிரைவர் (230 வோல்ட்டை 24ஆக இறக்கும் பெட்டி) போடுங்கள்; சரிக்குச் சரி 10 வாட் போட்டால் அது எப்போதும் முழு மூச்சில் ஓடிச் சீக்கிரம் சாகும். பட்டையை நேராக மரத்தில் ஒட்டினால் சூட்டில் பசை விட்டுப்போகும், எல்இடியும் மங்கும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, மேலே பால்நிற மூடி போட்டால் சூடும் இறங்கும், துடைக்கவும் சுலபம். டிரைவரைப் பலகைக்குள் தட்டுகளுக்கு நடுவே மூட்டையாகக் கட்டி வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஏறத்தாழப் பாதியாகும். “லைட் ஆறு மாதத்தில் போய்விட்டது” என்ற புகார்களில் பட்டை நன்றாகவே இருக்கும், டிரைவர்தான் வெந்திருக்கும். வெளிச்சத்தின் நிறம் 3000 கெல்வின் (இளமஞ்சள்) என்றால் சாப்பாடு பசிக்கிற நிறத்தில் தெரியும். காய் நறுக்கும் இடமென்றால் 4000.

வாங்கப்போகும் லைட் நேரடி 230 வோல்ட் வகையாக, இரும்புச் சட்டத்தோடு இருந்தால், அந்தச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். பழைய அடுக்குமாடிகளில் லைட் பாயிண்டுக்கு இரண்டு வயர் மட்டுமே வந்திருப்பதுண்டு. பச்சை-மஞ்சள் வயர் இல்லையென்றால் இரும்புச் சட்ட லைட்டை அங்கே மாட்டக்கூடாது. சாதாரண லைட்டை சுவிட்சில் மட்டும்தான் தொடுகிறோம்; இதையோ நாளுக்குப் பத்து முறை கையால் பிடிக்கப்போகிறோம், அதுதான் வித்தியாசம். இரும்பில் வயர் நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தட்டு எடுக்கும் ஒவ்வொரு அசைவிலும் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். இணைப்புகள் முறுக்கி டேப் சுற்றியதாக இல்லாமல் கனெக்டரில் இறுகி, மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். வயர் கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். ஏதாவது இறங்கினால் ராட் தாங்க வேண்டுமே தவிர வயர் இழுபடக்கூடாது. பாயிண்டை நகர்த்துவது, எர்த் இழுப்பது போன்ற வயரிங் வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனிடம் விடுங்கள். ஆங்கர் வேலையை நீங்களே செய்யலாம், வயரிங் வேலை அப்படியல்ல.

எதை வைக்கலாம் என்பதில் விளம்பரம் ரொம்பத் தாராளம். எல்இடி சூடாகாது என்பது பாதி உண்மை. அது இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது, அந்த வெப்பம் முன்னால் வீசாமல் பின்பக்கம் தேங்குகிறது. பின்பக்கம் என்பது உங்கள் பலகை. தட்டு, கோப்பை, கரண்டிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கறி மசாலாவுக்கு வெளிச்சமும் சூடும் இரண்டுமே பகை. கண்ணாடிப் போத்தலில் போட்டு லைட்டுக்கு அடியில் வரிசையாக வைத்தால் பார்க்க அழகு, சில மாதத்தில் நிறமும் வாசனையும் இறங்கிவிடும். முழு மிளகு, பட்டை, கிராம்பு ஓரளவு தாங்கும். சமையல் எண்ணெய் வெளிச்சத்தில் சிக்கெடுக்கும். மருந்து கூடவே கூடாது: நம் நாட்டு மருந்துப் பெட்டிகளில் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கும், கோலாலம்பூரில் மதிய நேரத்து அறையே அதைத் தாண்டிவிடும், லைட்டும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. கொசு ஸ்ப்ரே, லைட்டர், பவர் பேங்க் எதையும் பல்பின் அருகே வைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே 50 வாட் ஹலோஜன் பல்பு போட்ட ஸ்பாட் லைட் இருந்தால், அதைப் பலகைக்குள் பதிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதன் கண்ணாடி 200 பாகைக்கு மேல் சுடும், டிஷ்யூ பெட்டி சாய்ந்தாலே போதும்.

அடுப்புக்கு நேர் மேலே சட்டி தொங்கவிடும் லைட் மேலைநாட்டுப் படங்களில் நிறைய வருகிறது. சம்பல் தாளிக்கும் வீட்டில் அது நடக்காத காரியம். எண்ணெய்ப் புகை சட்டியின் வெளிப்புறத்தில் படிந்து, தூசி ஒட்டி, வாரத்தில் பிசுக்காகும். லைட்டின் மூடியும் மஞ்சளாகும். கழுவும் தொட்டியின் பக்கமாக நகர்த்தினால் பிசுக்குக் குறையும், ஆனால் பட்டை சிலிகோன் பூசியதாக இருக்க வேண்டும். மேலே வாய் திறந்த கிண்ணம்போன்ற லைட்டில் சாவி, சில்லறை போடலாம் என்றும் விற்கிறார்கள். மழைக்குப் பிறகு ஈசல் விழும் ஊரில், பல்லி குடியிருக்கும் சீலிங்கில், அந்தக் கிண்ணத்தில் என்ன சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குளியலறைக் கண்ணாடி அலமாரியில் லைட் வருவது இந்த வகையிலேயே உருப்படியானது. பொருளும் இலேசு, சுவரில்தான் பிடிப்பு. நீர்த் தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான ஐபி44 அல்லது அதற்கு மேல் எழுதியிருக்க வேண்டும், ஷவரிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். இங்கே குளியலறை முழுவதும் நனையும், கைக்குழாய் எங்கும் பீய்ச்சும் என்பதால் இன்னும் தள்ளினால் நல்லது. உடல் சாதாரண இரும்பென்றால் சீக்கிரமே மூலையில் துரு கிளம்பும். 304 ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியம் பாருங்கள். பல்துலக்கி, சவரப் பொருள் வைக்கலாம். மாத்திரை இங்கேயும் வேண்டாம், இங்கே சூட்டோடு ஈரமும் சேர்கிறது.

சுவரைத் துளைக்கவே முடியாத வாடகை வீட்டுக்குத் தட்டடுக்கோடு நிற்கும் லைட் இருக்கிறது. அதில் இருக்கும் பெரிய குறை சாய்வது. கனமானதைக் கீழ்த்தட்டில், இலேசானதை மேலே வையுங்கள். சிறு பிள்ளை இருந்தால் ஒரு பட்டையால் சுவரோடு கட்டிவிடுங்கள், அந்த ஒரு திருகாணித் துளைக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டுப் பாருங்கள். மேல்தட்டில் காகிதக் கூடு போட்ட பல்பிருந்தால் அதன்மேல் துணியோ நாளிதழோ வைக்காதீர்கள். தூள்மரப் பலகையில் செய்தது ஈரத்தில் ஊதிப்போகும், தரையை மொப் போடும்போது கால்களை உலர்த்திவிடுங்கள்.

சாமி மேடைக்கும் இதைச் சிலர் கேட்கிறார்கள்: கீழே இழுப்பறையில் ஊதுபத்தி, திரி, கற்பூரம், மேலே எல்இடி. செய்யலாம். ஆனால் பட்டை சுடருக்கு நேர் மேலே வரக்கூடாது, பலகையின் முன் விளிம்பில் உள்நோக்கிப் பதியுங்கள். அகல் விளக்கின் புகையும் சூடும் நேராக மேலே ஏறும். அந்த இடத்தில் அக்ரிலிக் மூடி இருந்தால் முதலில் கறுக்கும், பிறகு நெளியும். கற்பூரத்தை இழுப்பறையில் இறுக்கமான டப்பாவில் வையுங்கள், சுவிட்சும் டிரைவரும் இருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். படத்தில் மேசை ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் தளத்தில் தொங்கவிட அவசியமே இல்லை. அந்தச் சுவரில் 90 செ.மீ. பலகை இரண்டை, ஒவ்வொன்றுக்கும் எல் வடிவ இரும்புத் தாங்கி மூன்று வைத்துப் பிடித்து, கீழ்ப் பலகையின் அடியில் 24 வோல்ட் பட்டை ஒட்டி, டிரைவரை அருகிலுள்ள பிளக் பாயிண்டில் செருகிவிட்டால் நீங்கள் கேட்ட இடமும் கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்கும், கூரையைத் தொடவும் வேண்டாம். செங்கல் சுவரென்றால் 8 மி.மீ. ரால் பிளக் போதும். இலேசான நுரைக்கல் சுவரென்றால் அதற்கென்று விற்கும் பிளக் வாங்குங்கள், சாதாரண பிளக் அதில் மாவில் குத்தியதுபோல் கழன்று வரும். துளைக்கும்போது வரும் தூளைப் பாருங்கள்: சிவப்பென்றால் செங்கல், சாம்பல் நிறத்தில் கரகரப்பென்றால் சிமெண்டுக் கல், வெள்ளையாக மெத்தென்று கொட்டினால் நுரைக்கல். பட்டை, அலுமினியச் சட்டம், டிரைவர் எல்லாம் புடு பக்கம் ஜாலான் பாசார் மின்சாதனக் கடைகளில் கிடைக்கும், பட்டையையும் சட்டத்தையும் கேட்கும் நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். பிளக்கிலும் அடாப்டரிலும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை பார்த்து வாங்குங்கள். இணையத்தில் இரட்டை முள் பிளக்கோடு வருவதை மாற்றுப் பிளக்கில் செருகி நிரந்தரமாக விட்டுவைக்க வேண்டாம்.

அப்படியும் தொங்கும் லைட்தான் வேண்டுமென்றால், ஆங்கர் நான்கையும் போட்டபின் பலகையை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கியைத் திருகி, பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், கீழே யாரும் நிற்க வேண்டாம். ஆங்கர் ஒரு மயிரிழை இறங்கினாலும், சுற்றிலும் பெயிண்டில் வளையமாக விரிசல் விட்டாலும் அந்தத் துளையைக் கைவிட்டு வேறு இடத்தில் போடுங்கள். நான்கும் அசையாமல் நின்றால் பலகையை மாட்டி, முதலில் தட்டுகளை மட்டும் வைத்து, ஒரு மாதம் கழித்து நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிய பிறகு மற்றதை ஏற்றுங்கள்.